மேற்கோள் பட்டியல்: சேலம் பக்கத்து ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜர்னலுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று யாராவது கட்டுரையை நீட்டினால், நான் முதலில் திருப்புவது கடைசிப் பக்கங்களைத்தான். ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பூச்சி, ஏத்தாப்பூர் பக்கத்து மரவள்ளி, மேக்னசைட் சுரங்கத்துத் தூசு, ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் என்று தலைப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். ரெஃபரன்ஸ் பட்டியலில் வரும் சிக்கல் மட்டும் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் ஆங்கிலக் கட்டுரைகளின் விவரங்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். புள்ளியும் காற்புள்ளியும் எங்கே விழுகின்றன என்று பார்க்க அது போதும். ஜர்னலுக்கு அனுப்பும்போது மூலத்தில் உள்ள எழுத்திலேயே போகட்டும்.

எந்த ஸ்டைலில் எழுத வேண்டும்?

எந்த ஜர்னலுக்கு அனுப்புகிறீர்களோ, அது சொல்கிற ஸ்டைலில். கைடுக்குப் பிடித்தது, சீனியரின் தீசிஸில் இருந்தது, போன வருடம் வேறு ஜர்னலுக்கு எழுதியது எதுவும் இங்கே செல்லாது. ஜர்னலின் தளத்தில் கட்டுரையாளர்களுக்கான குறிப்புகள் இருக்கும். அதைப் படித்துவிட்டு, அதே ஜர்னலில் சமீபத்தில் வந்த இரண்டு கட்டுரைகளைத் திறந்து பட்டியலைப் பாருங்கள். குறிப்பில் ஒன்றும் அச்சில் வேறொன்றும் இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படி மோதினால் நான் அச்சில் வந்ததையே நம்புவேன்.

ஸ்டைல்களுக்குப் பெயர் ஆயிரம் இருக்கலாம், அறிவியல் ஜர்னல்களில் பெரிய குடும்பம் இரண்டுதான். ஒன்று, பெயரும் ஆண்டும் போடுவது. வாக்கியத்துக்குள் அடைப்புக்குறியில் ஆசிரியர் பெயர், ஆண்டு; கடைசியில் அகரவரிசைப் பட்டியல். ஹார்வர்ட் முறை என்பது இதுதான். எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்ற ஹார்வர்ட் விலங்கியலாளர் 1881-ல் ஓடில்லாத தோட்டத்து நத்தை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில் இப்படிப் போட்டதைத்தான் இதற்குத் தொடக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்னொன்று எண் போடுவது. வாக்கியத்தில் 1, 2 என்று எண் வரும், பட்டியலும் அதே வரிசையில் போகும். மருத்துவ ஜர்னல்களின் ஆசிரியர்கள் 1978-ல் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதால் இதற்கு வான்கூவர் என்று பெயர் நின்றுவிட்டது. பொறியியல்காரர்களின் ஐஇஇஇ முறை சதுர அடைப்பில் எண் போடும்.

ஒரே கட்டுரையை இரண்டிலும் எழுதிப் பார்ப்போம்.

ஏபிஏ: ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

வான்கூவர்: ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121:501–2.

யார், எப்போது, என்ன தலைப்பு, எந்த ஜர்னல், எந்தத் தொகுதியில் எந்தப் பக்கம். விவரம் இரண்டிலும் ஒன்றுதான், உட்காரும் இடம்தான் வேறு. இந்த ஐந்தும் சரியாக இருந்து காற்புள்ளி மட்டும் தவறினால் யாரும் உங்கள் கட்டுரையைத் தூக்கிப் போட மாட்டார்கள். தொகுதி எண் தவறினால் படிப்பவர் நூலகத்தில் தேடி ஏமாந்து திரும்புவார். ஒரு வீட்டு விலாசத்தில் தெருப் பெயரைச் சாய்வெழுத்தில் போடாவிட்டாலும் தபால் போய்ச் சேரும், கதவு எண் தப்பானால் போகாது.

முதல் தடவை அனுப்பும்போதே ஸ்டைல் அச்சு அசலாக இருக்க வேண்டுமா?

இப்போது பல ஜர்னல்கள் கேட்பதில்லை. எல்சேவியரின் பல ஜர்னல்களில் முதல் தடவை எந்த ஸ்டைலில் கொடுத்தாலும் ஏற்கிறார்கள்; முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி இருந்தால் போதும், திருத்தக் கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் இரண்டு ராத்திரித் தூக்கம் மிச்சம்.

எத்தனை ஆசிரியர்கள் வரை பெயர் எழுதி, எங்கே "எட் ஆல்" போடுவது?

"எட் ஆல்" என்றால் "மற்றும் பிறர்". இது ஸ்டைலுக்கு ஸ்டைல் மாறும். 2019-ல் வந்த ஏபிஏ ஏழாம் பதிப்பில் பட்டியலுக்குள் 20 பேர் வரை எல்லாப் பெயரையும் எழுத வேண்டும். 21 பேரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் 19 பேர், மூன்று புள்ளி, கடைசி ஆசிரியர். வாக்கியத்துக்குள் மட்டும், மூன்று பேர் இருந்தாலே முதல் தடவையிலிருந்து முதல் ஆசிரியரும் எட் ஆலும் போதும். வான்கூவரில் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பேரும் எட் ஆலும். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், ரெஃபரன்ஸ்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

மென்பொருள் அவசியமா? கையால் தட்டினால் ஆகாதா?

பத்து ரெஃபரன்ஸ் என்றால் கையால் ஆகும். நாற்பது என்றால், என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேலெழுத்தாக எண் போடும் ஒரு ஜர்னலுக்கு ஒரு தடவை கட்டுரை தயார் செய்தேன். எல்லா எண்ணும் கையால் போட்டது. அனுப்புவதற்கு முந்தின ராத்திரி, கைடு ஏழாவது இடத்தில் ஒரு கட்டுரையை நுழைக்கச் சொன்னார். சரி, பெரிய எண்ணிலிருந்து தொடங்கிக் கீழே வந்தால் குழப்பம் வராது என்று ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினேன். எனக்கு நானே கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றினேன். மூன்று மாதம் கழித்து ரிவ்யூவர் கேட்டார்: முறைகள் பகுதியில் வெப்பநிலை 28 டிகிரி என்று இருக்கிறது, அட்டவணையில் 27 என்று இருக்கிறதே, எது சரி? 27-ஐ 28 ஆக்கியபோது டிகிரியும் சேர்ந்து மாறியிருந்தது. அட்டவணை படமாக ஒட்டப்பட்டிருந்ததால் தப்பித்தது.

அன்றிலிருந்து நான் ஜோட்டெரோ என்ற மென்பொருளுக்கு மாறிவிட்டேன். 2006-ல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியானது, இலவசம். பிடிஎஃப்களை இணையத்தில் சேமிக்க 300 எம்பி வரை சும்மா தருகிறார்கள். கணினியில் வைத்துக்கொள்ள அளவே கிடையாது. ஸ்டைலை மாற்ற வேண்டுமானால் பட்டியலில் வேறு பெயரைத் தொட்டால் போதும். மெண்டலியும் இலவசம்தான், 2013 முதல் எல்சேவியர் கையில் இருக்கிறது. எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. லேட்டெக்ஸில் எழுதும் கணிதம், இயற்பியல் ஆட்களுக்கு பிப்டெக். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரே கோப்பில் நீங்கள் ஜோட்டெரோவும் உடன் எழுதுபவர் மெண்டலியுமாகக் கை வைக்காதீர்கள். ஒன்று போட்ட எண் மற்றொன்றுக்குத் தெரியாது. அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வாரம் போகும்.

ஜர்னலுக்கு அனுப்பும் பிரதியில் மென்பொருளின் இணைப்பை நீக்கிவிட்டு அனுப்பலாம். இணைப்பு உயிரோடு இருக்கும் பிரதியை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தச் சொல்லி வரும்போது அதுதான் சோறு போடும்.

மென்பொருளில் போட்டும் பட்டியல் தப்பாக வருகிறதே?

உள்ளே போட்டதுதானே வெளியே வரும். பிடிஎஃப்பை இழுத்துப் போட்டால் விவரங்களை அதுவே பிடித்துக்கொள்ளும், சரிதான். ஆனால் பிடித்ததை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகளில் தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்திருக்கும். தாவரப் பெயரில் சாய்வெழுத்து போயிருக்கும். ஜோட்டெரோவில் தலைப்பிலேயே அந்தச் சொற்களுக்கு முன்னும் பின்னும் சாய்வெழுத்துக் குறியை இட்டுவிட்டால் எந்த ஸ்டைலிலும் சரியாக வரும்.

ஆசிரியர் என்பது நிறுவனமாக இருந்தால் இன்னொரு கூத்து. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை மென்பொருள் ஆள் பெயர் என்று எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கி, "இந்தியா, ஜி. எஸ். ஓ." என்று அச்சடிக்கும். இதை ஒரு தீசிஸில் நேரிலேயே பார்த்தேன். ஜோட்டெரோவில் ஆசிரியர் கட்டத்துக்குப் பக்கத்தில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் முழுப் பெயரும் அப்படியே நிற்கும்.

நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது. எது முதல் பெயர், எது கடைசிப் பெயர்?

அதிகம் பேர் கேட்டதும், யாரும் சரியாகப் பதில் சொல்லாததும் இதுதான். நம் ஊரில் முதலெழுத்து அப்பா பெயர், சிலருக்கு அதோடு ஊர்ப் பெயரும். ஜர்னலின் படிவமோ முதல் பெயர் ஒன்று, கடைசிப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டத்தைக் காட்டி நிற்கும். பாஸ்போர்ட்டில் இருப்பது போலக் கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு உலகம் முழுக்க உங்கள் ஆய்வை அப்பா பெயரில்தான் குறிப்பிடும். அப்பாவுக்குப் பெருமைதான். பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கை கேட்கும்போது சிரமம் உங்களுக்கு.

பழைய ஆட்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். வானியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயரில் முன்னால் நிற்பது அப்பா பெயர், பின்னால் நிற்பது அவர் பெயர். அதனால் ஆங்கிலப் பட்டியலில் "சந்திரசேகர், எஸ்." என்று அவர் பெயரிலேயே நிற்கிறார். ராமனும் அப்படியே: "ராமன், சி. வி." முதலெழுத்தை முன்னால் வைக்கும் நம் வழக்கத்தைக் குலைக்காமல் விரித்து எழுதினாலே போதும், சொந்தப் பெயர் கடைசிக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துவிடும். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்: கடைசிக் கட்டத்தில் உங்கள் பெயர், முதல் கட்டத்தில் முதலெழுத்தோ அதன் விரிவோ.

முதல் கட்டுரையில் எப்படிப் போடுகிறீர்களோ அப்படியே கடைசி வரை போடுங்கள். கல்யாணமான பிறகு முதலெழுத்தை மாற்றும் பெண்கள், கட்டுரையில் மட்டும் பழையதையே வைத்துக்கொள்வது நல்லது. 2012-ல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை இலவசமாகப் பெறலாம். பெயர் எப்படி மாறினாலும் கட்டுரைகள் அந்த எண்ணுக்குக் கீழே ஒன்றாக நிற்கும்.

சரி, மற்றவர்களை மேற்கோள் காட்டும்போது? அவர் கட்டுரையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படி. அது அவருடைய அப்பா பெயர் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் திருத்த வேண்டாம். திருத்தினால் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

பூச்சிப் பெயருக்குப் பின்னால் வரும் ஆளையும் ஆண்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?

ஏற்காட்டுக் காபி ஆய்வு செய்பவர்கள் கட்டாயம் முட்டிக்கொள்ளும் இடம். காபிக் காய்த் துளைப்பானை "ஹைப்போதெனிமஸ் ஹாம்பெய் (ஃபெராரி, 1867)" என்று எழுதுவோம். வெள்ளைத் தண்டுத் துளைப்பானை "சைலோட்ரெக்கஸ் குவாட்ரிப்பஸ் செவ்ரோலா, 1863" என்று எழுதுவோம். பார்க்க மேற்கோள் மாதிரியே இருக்கும். உண்மையில் அந்த இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தவர் யார் என்ற குறிப்பு அது. அங்கே அடைப்புக்குறிக்கு வேறு அர்த்தம்: பெயர் வைத்தவர் அந்த இனத்தை வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் இடம் மாறிவிட்டது என்று பொருள். அதனால் அழகுக்காக அடைப்பை நீக்குவதோ சேர்ப்பதோ கூடாது. ஒரு மாணவி எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று செவ்ரோலாவுக்கும் அடைப்புப் போட்டிருந்தார். ஒழுங்காகச் செய்ய நினைத்துச் செய்த தப்பு.

பெரும்பாலான ஜர்னல்கள் இவற்றைப் பட்டியலில் கேட்பதில்லை. வகைப்பாட்டியல் ஜர்னல்களில் சில கேட்கும், குறிப்பைப் பாருங்கள். தாவரங்களுக்கு ஆண்டு போடும் வழக்கம் பொதுவாக இல்லை. மரவள்ளிக்கு "மானிஹாட் எஸ்குலெண்டா கிரான்ஸ்" என்பதோடு சரி.

மூலக் கட்டுரை கிடைக்கவில்லை. வேறொருவர் பட்டியலில் இருப்பதை அப்படியே எடுத்துப் போடலாமா?

கூடாது. எல்லோரும் செய்வதுதான் என்று சொல்வார்கள், அதுவும் உண்மைதான். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு பேர் 2003-ல் இதை வேடிக்கையாகக் கண்டுபிடித்தார்கள். இயற்பியலில் பெயர் பெற்ற, சுமார் 4,300 தடவை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையை எடுத்து, அதன் மேற்கோள்களில் உள்ள அச்சுப் பிழைகளை எண்ணினார்கள். 196 பிழை. ஆனால் வெவ்வேறு பிழை 45 மட்டும். பக்க எண்ணில் ஒரே ஒரு பிழை 78 தடவை திரும்ப வந்திருந்தது. 78 பேருக்குத் தனித்தனியாக ஒரே இடத்தில் கை தவறாது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று கணக்குப் போட்டார்கள்.

இதைவிட ஒரு படி மேலே போன கதையும் உண்டு. எல்சேவியரின் கட்டுரையாளர் குறிப்புகளில் ஸ்டைலைக் காட்டுவதற்காக வான் டெர் கீர் என்பவர் பெயரில் 2000-ஆம் ஆண்டு போட்டு ஒரு மாதிரி ரெஃபரன்ஸ் கொடுத்திருந்தார்கள். அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அந்த ஜர்னலும் இல்லை. அது கிட்டத்தட்ட 400 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதாக 2017-ல் தெரியவந்தது. மாதிரிக் கோப்பின் மேல் தட்டச்சு செய்தவர்கள் அந்த வரியை அழிக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூலம் உண்மையிலேயே கிடைக்காதபோது நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் படித்த கட்டுரையைப் பட்டியலில் போட்டு, வாக்கியத்தில் "இன்னார், இன்னாரால் குறிப்பிடப்பட்டபடி" என்று எழுதுங்கள். அதை ஒன்றிரண்டு இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன் கட்டுரை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பிடிஎஃப்பை அன்றே அனுப்பிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

சாட்ஜிபிடி கொடுத்த ரெஃபரன்ஸை நம்பலாமா?

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது. அது இட்டுக்கட்டும் ரெஃபரன்ஸ் அசலை விட அசலாக இருக்கும். ஆசிரியர் உண்மையில் அந்தத் துறைக்காரர், ஜர்னலும் உண்மையில் இருக்கிறது, தொகுதி எண்ணும் பொருந்துகிறது, கட்டுரை மட்டும் இருக்காது. சில சமயம் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) கூட இருக்கும். தட்டினால் மீன் வளர்ப்பு பற்றிய வேறு ஏதோ கட்டுரை திறக்கும். தலைப்பை அப்படியே கூகுள் ஸ்காலரிலும், டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலிலும் போடுங்கள். இரண்டிலும் இல்லாமல், ஜர்னலின் அந்த இதழ்ப் பொருளடக்கத்திலும் இல்லையென்றால் தூக்கி எறியுங்கள். இருக்கிறது என்றாலும் வேலை முடியவில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தை அந்தக் கட்டுரை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டிஓஐ எதற்கு? எப்படி எழுதுவது?

இணைய முகவரி இன்று இருக்கும், நாளை மாறும். டிஓஐ கட்டுரைக்கே கொடுத்த நிரந்தர எண்; ஜர்னல் தன் தளத்தை மாற்றினாலும் எண் புது இடத்துக்குக் கொண்டுபோய் விடும். எல்லா டிஓஐயும் 10 என்ற எண்ணும் புள்ளியும் கொண்டுதான் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அதைப் பதிவு செய்த நிறுவனத்தைக் காட்டும், பின்னால் இருப்பது கட்டுரையை. முன்பு டிஓஐ என்று எழுதி முக்காற்புள்ளி போட்டு எண்ணைத் தருவார்கள். இப்போது முழு இணைப்பாகத் தருவதே வழக்கம். ஏபிஏயில் அதன் பின்னால் முற்றுப்புள்ளி வைக்க மாட்டார்கள், புள்ளியும் இணைப்போடு ஒட்டிக்கொண்டால் கட்டுரை திறக்காது. பழைய கட்டுரைகளுக்கு டிஓஐ இருக்காது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ராமனின் 1928 கட்டுரைக்குக் கூட இருக்கிறது.

ஜர்னல் பெயரை எப்படிச் சுருக்குவது?

நீங்களாகச் சுருக்காதீர்கள். ஐஎஸ்ஓ 4 என்ற தரத்தின்படி ஒவ்வொரு சொல்லுக்கும் சுருக்கப் பட்டியல் இருக்கிறது. நேச்சர், சயின்ஸ் போல ஒரே சொல்லானால் சுருக்கம் கிடையாது. மருத்துவ ஜர்னல்களில் சுருக்கத்தின் பின்னால் புள்ளி வராது, மற்றவற்றில் பெரும்பாலும் வரும்.

நூறு வருடத்துக்கு முந்தைய அறிக்கையை எப்படிக் காட்டுவது?

சேர்வராயன் மலைப் பாறையைப் பற்றி எழுதும் நிலவியல் மாணவர் யாரும் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்டைத் தாண்டிப் போக முடியாது. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டவர் அவர். இங்கேதான் குழப்பம். 1893-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் ஜர்னலில் அந்தக் கல்லறைக் கல்லைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 1900-ல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் மெமாய்ர்ஸ் வரிசையில், 28-ஆம் தொகுதி, இரண்டாம் பகுதி, 119 முதல் 249 வரையான பக்கங்களில் சார்னோகைட் பாறைத் தொடரைப் பற்றிப் பெரிய ஆய்வை எழுதினார். மாணவர்கள் முதலாவதின் ஆண்டையும் இரண்டாவதின் தலைப்பையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கிவிடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வெளியீடுகளில் தொகுதியோடு பகுதி எண்ணும் வேண்டும். மறுபதிப்பையோ ஸ்கேன் பிரதியையோ படித்திருந்தாலும் முதலில் வெளிவந்த ஆண்டு தெரிய வேண்டும். மாவட்ட கெஜட்டியர்களுக்கு எழுதியவர் பெயர் இருந்தால் அதைப் போடுங்கள். 1918-ல் வந்த சேலம் கெஜட்டியருக்கு ரிச்சர்ட்ஸ் என்று ஆசிரியர் பெயர் இருக்கிறது, "அரசு" என்று போட்டு அவரைக் காணாமல் ஆக்க வேண்டாம்.

தமிழ் நூலை ஆங்கிலக் கட்டுரையில் காட்டலாமா?

தாராளமாக. தலைப்பைத் தமிழ் ஒலிப்பிலேயே ஆங்கில எழுத்தில் எழுதி, சதுர அடைப்பில் மொழிபெயர்ப்பைத் தந்து, சில ஸ்டைல்களில் கடைசியில் தமிழ் நூல் என்றும் குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் போட்டால் அப்படி ஓர் ஆங்கில நூல் இருக்கிறது என்று நினைத்துத் தேடுவார்கள்.

மலையில் மூலிகை பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதினேன். அது ரெஃபரன்ஸா?

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் மூலிகை விவரம் சேகரிக்க ஆய்வு மாணவர்கள் போவது உண்டு. பட்டியல் என்பது படிப்பவர் தேடி எடுக்கக்கூடியதற்கு. நேர்ப்பேச்சை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது என்பதால், ஏபிஏ அதைப் பட்டியலில் சேர்க்காமல் வாக்கியத்துக்குள் மட்டும் பெயர், தனிப்பட்ட தகவல், தேதி என்று காட்டச் சொல்கிறது. அதுவே உங்கள் ஆய்வின் தரவு என்றால் மேற்கோளே வேண்டாம், முறைகள் பகுதியில் எத்தனை பேரிடம், எந்த ஊரில், எப்போது கேட்டீர்கள் என்று எழுதினால் போதும்.

ஆனால் இதை இலக்கணக் கேள்வியாக மட்டும் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய், ஒரு பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்து, கட்டுரையில் "உள்ளூர்வாசிகள் கூறினர்" என்று எழுதுகிறோம். ஊரும் பெயரும் தெரியாத வெள்ளைக்காரர் கட்டுரைக்கு டிஓஐ தேடுகிறோம். பெயர் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். போடுங்கள் என்றால் நன்றி பகுதியிலாவது போடுங்கள். வேண்டாம் என்றால் மறைத்துவிடுங்கள். சொன்னதை வெளியிடலாம் என்ற சம்மதத்தை முதல் நாளே வாங்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண்ணையும் பல ஜர்னல்கள் கேட்கும்.

சேகரித்த செடியின் மாதிரியை ஹெர்பேரியத்தில் (உலர்ந்த தாவர மாதிரிகளின் காப்பகம்) ஒப்படைத்த எண்ணும் முறைகள் பகுதியில்தான் வரும், பட்டியலில் வராது. நம் பக்கத்துக்குக் கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. அதன் குறியீடு எம்ஹெச்.

இணையப் பக்கம், மழை அளவுத் தரவு?

யார் வெளியிட்டது, பக்கத்தின் தலைப்பு, முகவரி, பார்த்த தேதி. பார்க்கும் அன்றே, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். ரிவ்யூவர் திறக்கும்போது அரசுத் தளத்தின் பக்கம் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) சோதனையில் ரெஃபரன்ஸ் பட்டியலும் சதவீதத்தில் சேருமா?

சேரக் கூடாது. யுஜிசியின் 2018 விதிகள் நூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை ஆகியவற்றை விலக்கச் சொல்கின்றன. மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. மென்பொருளில் நூற்பட்டியலை விலக்கும் தேர்வைச் சோதிப்பவர் தட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். சதவீதத்தைக் குறைக்க ரெஃபரன்ஸில் எழுத்தை மாற்றிப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் ஒன்றைக் கூட யாராலும் தேடி எடுக்க முடியவில்லை. உங்கள் தீசிஸிலிருந்து எடுத்து எழுதினால் தீசிஸையும் மேற்கோள் காட்டுங்கள். இந்தியத் தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் அது ஏறிய பிறகு யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

ரிவ்யூவர் தன்னுடைய ஆறு கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்கிறார்.

படித்துப் பாருங்கள். பொருந்துவதைச் சேருங்கள், பொருந்தாததைச் சேர்க்காதீர்கள். பதில் கடிதத்தில் "இந்த இரண்டும் எங்கள் விவாதத்துக்கு உதவின, சேர்த்துள்ளோம், மற்றவை வேறு பயிரைப் பற்றியவை" என்று பணிவாக, காரணத்தோடு எழுதுங்கள். மிரட்டுவது போல இருந்தால் எடிட்டருக்குத் தனியாக எழுதலாம். முடிவெடுப்பவர் எடிட்டர், ரிவ்யூவர் இல்லை. இதை நம் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைக் காட்டிவிட்டால்?

பின்னால் தெரிந்தால் சங்கடம். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற தளம் தொகுத்த இப்படிப்பட்ட கட்டுரைகளின் பட்டியலை 2023-ல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜோட்டெரோவில் அப்படிப்பட்ட கட்டுரை இருந்தால் சிவப்பில் எச்சரிக்கும். அந்தச் சிவப்பை மூடிவிட்டுப் போகாதீர்கள்.

நாளைக் காலை அனுப்ப வேண்டும். இன்று ராத்திரி எதைப் பார்ப்பது?

கட்டுரையை அச்செடுங்கள். ரூம் மேட்டையோ தம்பியையோ பிடித்து உட்கார வையுங்கள், துறை தெரிய வேண்டியதில்லை. ஒருவர் கட்டுரையை முதலிலிருந்து வாசித்து மேற்கோள் வரும் இடத்தில் நிறுத்தட்டும், மற்றவர் பட்டியலில் அதைத் தேடி டிக் போடட்டும். பட்டியலில் இல்லாதது வந்தால் வட்டமிடுங்கள். முடிந்ததும் டிக் விழாமல் நிற்பவற்றைப் பாருங்கள், பழைய பிரதியிலிருந்து நீக்கிய பத்தியின் மிச்சங்கள் அவை. ஒரே ஆசிரியரின் ஒரே ஆண்டுக் கட்டுரைகள் 2019ஏ, 2019பி என்று இரண்டு இருந்தால் எது எது என்று மூலத்தைத் திறந்து பாருங்கள். அப்புறம் டிஓஐகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஐம்பது இருந்தால் அரை மணி நேரம் ஆகும். தம்பிக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.